பேரைப் போட்டாங்க, பேர் போடல

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை இருக்கிறார். கொழுந்தெடுத்தே வயதானவர். ஒரு மழைக்கால மாலையில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அவருடைய காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து உதறினார். அதில் பாதி மழை, பாதி மண். அத்தை கேட்டார்: "பேர் போட்டாங்களாடி?"

"பேரைப் போட்டாங்க பெரியம்மா. பேர் போடல."

அத்தைக்கு இதில் குழப்பமே இல்லை. "அரைப் பேரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார். எனக்குத்தான் அந்த இரண்டு வாக்கியங்களும் அன்றிரவு முழுக்கக் காதில் ஓடிக்கொண்டிருந்தன.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. அந்த நாளுக்கான கூலி. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் ஆட்களை எண்ணச் சொல்லவில்லை. தனியாக நிற்கும் ஒரு பெண் "இருபத்திரண்டு பேர்" என்று பதில் சொல்வார்; இருபத்திரண்டு நாள் வேலை என்று பொருள். சொன்ன கிலோ நிறுவையில் வராவிட்டால் அரைப் பேர். காலையில் கொப்பியில் பெயரை எழுதுவது ஒரு காரியம்; அந்த நாளைச் சம்பளக் கணக்கில் முழுதாக ஏற்றுவது இன்னொரு காரியம். முதலாவது பேரைப் போடுவது, இரண்டாவது பேர் போடுவது. ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகலாம். அன்றைக்கு அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஓர் எழுத்து: ஐ.

பள்ளியில் இதை இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்திருக்கிறோம். செயப்படுபொருளைக் காட்டும் உருபு என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது மட்டும்தான் அதன் வேலை என்றால், "தேத்தண்ணி குடிச்சேன்" என்பதில் செயப்படுபொருளைக் காட்டுவது யார்? அங்கே ஐ இல்லையே. இருந்தும் தேத்தண்ணி என்னைக் குடித்ததாக யாரும் நினைப்பதில்லை.

ஐ சொல்வது வேறொன்று. "தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்பது உபசாரம். "தேத்தண்ணியைக் குடிச்சீங்களா?" என்றால் மேசையில் ஒரு கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிய விசாரணை. ஐ வந்ததும் பொருள் தனியாக எழுந்து நிற்கிறது: இந்தத் தேத்தண்ணி, நீயும் நானும் அறிந்த தேத்தண்ணி. ஐ போனதும் அது வினையோடு சாய்ந்துகொள்கிறது. 'தேத்தண்ணி குடி' என்பது ஒரே செயலின் பெயர்போல ஆகிவிடுகிறது.

உயர்திணையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மனிதரைக் குறிக்கும் சொல் செயப்படுபொருளாக வந்தால் ஐ கட்டாயம். "பிள்ளையைத் தூக்கு" என்போம். "பிள்ளை தூக்கு" என்பதில்லை. ஆனால் "பொண்ணு பார்க்கப் போனாங்க" என்கிறோமே? அங்கே ஐ எங்கே போனது? சேர்த்துப் பாருங்கள்: "பொண்ணைப் பார்க்கப் போனாங்க" என்றால் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போன தாய் தகப்பன். "பொண்ணு பார்க்க" என்றால் தட்டும் பூவும் பஜ்ஜியும். முதலாவதில் ஒரு குறிப்பிட்ட பெண் இருக்கிறாள். இரண்டாவதில் பெண் என்பது சடங்கின் பெயருக்குள் போய்விட்டது. 'அந்த' என்று ஒரு சுட்டை முன்னால் வைத்துப் பாருங்கள். "அந்தப் பொண்ணைப் பார்க்க" என்று ஐ தானாக வந்து ஒட்டும்.

மலையகத்தின் வரலாறே இந்த உருபில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கங்காணிகள் கடல் தாண்டித் தென்னிந்தியக் கிராமங்களுக்குப் போனது 'ஆள் பிடிக்க'. இங்கே ஐ இல்லை. இன்னார் என்றில்லை, தலை எண்ணிக்கைதான். வந்த ஆள் தாங்க முடியாமல் ஒரு நாள் தோட்டத்தை விட்டு ஓடினால், அப்போது 'ஆளைப் பிடிக்க' அனுப்புவார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். எண்ணிக்கையாக வந்தவர் ஐ உருபு பெற்று ஓர் ஆளாவதற்கு ஓடவேண்டியிருந்தது.

ஐ இப்படி மறைவதை நம் இலக்கணக்காரர்கள் கவனிக்காமல் விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, பெயரோடு பெயர் சேர்வது மட்டும் தொகை ஆகாது, பெயரோடு வினை சேர்ந்து நடுவில் உருபு மறைந்தாலும் தொகைதான், அது ஒரே சொல்லைப் போல நடந்துகொள்ளும் என்று கணக்கில் சேர்த்தார். தொல்காப்பிய உரைகளில் 'நிலங்கடந்தான்' என்ற எடுத்துக்காட்டு வரும். நிலத்தைக் கடந்தான் என்பதுதான். ஐ மறைந்ததும் இரண்டும் ஒரு மூச்சில் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் ஒற்று மிகும், மிகாது என்று நம்மைப் படுத்திய விதிக்குள்ளும் இதே விஷயம் இருக்கிறது. 'துணியைத் துவைத்தாள்' என்பதில் த் வரும். 'துணி துவைத்தாள்' என்பதில் வராது. அந்த விதியை மனப்பாடம் செய்தோம். ஏன் அப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

'ஒரே சொல்லைப் போல' என்பதில் உள்ள 'போல' முக்கியமானது. தமிழில் 'பேர்' என்பதும் 'போடு' என்பதும் நெருங்கி நிற்கின்றன. ஆனால் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. "பேர்தான் போட்டாங்க, காசு இன்னும் வரல" என்று நடுவே ஒரு 'தான்' நுழையலாம். அந்த 'போல' என்ற சொல்லையும் தாண்டிப்போன ஒரு மொழி பூமியின் வட முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கனடாவின் வடக்கே, மரம் வளராத உறைபனி நிலத்தில் இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். 1999 ஏப்ரல் 1ஆம் தேதி அவர்களுக்கென்று நுனாவுட் என்ற ஆட்சிப்பகுதி பிறந்தது. கனடாவில் இனுயிட் மொழிகளைப் பேசுவோர் சுமார் 40,000 பேர். (இந்தப் 'பேர்' தலைக்கணக்கு.) இலங்கையின் 2012 குடிசனக் கணக்கெடுப்பு 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தது 8,39,504 பேரை; அதில் இருபதில் ஒரு பங்குகூட வராத கூட்டம் இது. கனடாவின் இனுயிட் மொழிகளில் பெரியது இனுக்டிடுட்.

அங்கே விருந்தாளி வந்தால் கேட்பது: "டீட்டுருமவீட்?"

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்பதுதான். பிரித்துப் பார்த்தால்: டீ, தேத்தண்ணி. டுக், உட்கொள். ருமா, விரும்பு. வீட், நீ என்பதும் கேள்வி என்பதும் சேர்ந்த ஈறு. நான்கும் உருகி, ஓரங்கள் தேய்ந்து, ஒரே சொல். முதலில் இருக்கும் 'டீ'யும் நம் 'தேத்தண்ணி'யில் இருக்கும் 'தே'யும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சீனாவின் தென்கிழக்குக் கரையில் 'தே' என்று சொன்னதுதான் ஐரோப்பிய வணிகர்களின் கப்பலில் ஏறி ஒன்று இங்கேயும் மற்றது அங்கேயும் இறங்கியது.

இப்போது நம் கேள்வியைப் பக்கத்தில் வையுங்கள்: தேத்தண்ணி, குடி, க்கிற், ஈங்க, ஆ. பொருள், செயல், முன்னிலை, கேள்வி என்று வரிசை அப்படியே. நமக்குக் காலம் நடுவில் வருகிறது, அவர்களுக்கு விருப்பம். மற்றபடி ஒரே நடை. ஆங்கிலக்காரர் இதே கேள்வியைக் கடைசியிலிருந்து தொடங்குவார்: கேள்வியும் விருப்பமும் முதலில், தேநீர் கடைசியில். உலகத்தின் எதிர்முனையில் பனியில் உட்கார்ந்திருப்பவரின் வாக்கியம், பக்கத்துப் பங்களாவில் நூறாண்டு இருந்தவருடைய வாக்கியத்தைவிட நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

வித்தியாசம் எங்கே? நம் 'குடி' தனியாக வாழும். "குடி" என்று குழந்தையிடம் சொல்லலாம். அவர்களுடைய 'டுக்' தனியாக வாழாது. அது விகுதி; முன்னால் ஒரு பெயர் இல்லாமல் வாயிலிருந்து வராது. தேத்தண்ணிக்கும் குடிப்பதற்கும் நடுவில் ஒரு 'தான்' நுழைக்க அங்கே இடுக்கே கிடையாது. 'லியுக்' என்பது 'செய், ஆக்கு' என்ற விகுதி. வீடு என்ற பெயரோடு சேர்ந்தால் 'வீடுகட்டு'. 'சியுக்' என்பது 'தேடு, வேட்டையாடு'. 'டுக்டு' என்ற கரிபூ மானோடு சேர்ந்து 'டுக்டுசியுக்டுக்' என்றால் மான்வேட்டையாடுகிறார். நம் 'பொண்ணு பார்' மாதிரியேதான். எந்த மான் என்ற கேள்வி எழாது.

எந்த மான் என்று சொல்ல வேண்டியபோது இனுக்டிடுட் என்ன செய்யும் என்பதுதான் ஐ பற்றி யோசிப்பவருக்குச் சுவையான இடம். 'டுக்டுமிக் டக்குயுக்' என்றால் ஒரு மானைக் கண்டார். ஏதோ ஒரு மான். மானுக்கு 'மிக்' என்ற உருபு. வினையில் கண்டவருக்கு மட்டும் அடையாளம். 'டுக்டு டக்குயங்கா' என்றால் அந்த மானைக் கண்டார். இப்போது மானின் உருபு உதிர்ந்துவிட்டது. வினையின் ஈற்றில் கண்டவர், காணப்பட்டது இரண்டுக்கும் அடையாளம் ஏறிவிட்டது. நாம் குறிப்பிட்ட பொருளுக்குப் பெயரில் ஐ ஒட்டுகிறோம். அவர்கள் அந்தக் கணக்கை வினையில் எழுதுகிறார்கள். எழுதும் இடம்தான் வேறு. எழுதப்படும் செய்தி ஏறக்குறைய ஒன்றே.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். பெயர் வினைக்குள் புகுவது பற்றி 1911இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு தனிச் சொற்கள் சேர்ந்தால்தான் அது பெயர் உட்புகுதல். எஸ்கிமோ மொழிகளில் (அன்றைய பெயர் அது) இருப்பது வெறும் விகுதி சேர்ப்பு, சொல்லாக்கம்தான் என்று அவற்றை ஒதுக்கிவைத்தார். சொல்லாக்கம் என்றால் சொல்லின் உள்வீட்டு விவகாரம். வாக்கியத்துக்கு அங்கே வேலை இல்லை. 1980இல் ஜெரால்ட் சேடக் இதை மறுத்தார். அவர் எடுத்துக்கொண்டது இனுக்டிடுட்டின் சகோதர மொழியான கிரீன்லாந்து மொழியை. அங்கே 'நாய் வைத்திருக்கிறார்' என்பது 'கிம்மெகார்பொக்' என்று ஒரே சொல். அதன் முன்னால் 'அங்கிசூமிக்' என்று 'பெரிய'வுக்கான சொல்லைத் தனியாக வைத்தால், பெரியது யார்? ஆள் அல்ல, நாய். சொல்லுக்குள் அடைந்து கிடக்கும் நாயை, வெளியே நிற்கும் அடைமொழி எட்டித் தொடுகிறது. சொல்லின் உள்வீடு வாக்கியத்துக்குத் தெரியாது என்றால் இது எப்படி நடக்கும்? மரியான் மிதுன் போன்றவர்கள் சேடக்கோடு உடன்படவில்லை. 1980களில் மொழியியல் ஏடுகளில் இந்த வழக்கு சூடாகவே நடந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இதற்குக் கிரீன்லாந்து வரை போக வேண்டுமா? "பழைய பேப்பர்காரர் வந்துட்டாரா?" என்று தெருவில் கேட்கிறோம். பழையது யார்? பேப்பர். அவர் இருபது வயதுப் பையனாக இருக்கலாம். 'பேப்பர்காரர்' ஒரு சொல், 'காரர்' விகுதி, தனியாக வாழாது. 'பழைய' வெளியே நின்றுகொண்டு, காரரைத் தாண்டி உள்ளே இருக்கும் பேப்பரைத் தொடுகிறது. லயத்தில் "ரெண்டாம் நம்பர் லயத்துக்காரங்க தண்ணிய மறிச்சுட்டாங்க" என்று பீலிக்கரையில் சண்டை வரும்போது, 'இரண்டாம் நம்பர்' என்பது ஆட்களுக்கு இல்லை, லயத்துக்கு. 'பெரிய கடைக்காரர்' என்றால் கடை பெரிதா, அண்ணன் தம்பிகளில் அவர் பெரியவரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சேடக்கின் நாய் நம் தெருவில் தினமும் குரைக்கிறது. என் தீர்ப்பு, அதற்கு மதிப்பு எவ்வளவோ, சேடக் பக்கம்தான். சொல் என்பது மூடிய பெட்டி என்று தமிழ் பேசுகிற எவரும் நம்ப முடியாது.

கடன் வாங்கிய சொற்களை இரு மொழிகளும் நடத்தும் விதத்திலும் இதே குணம் தெரிகிறது. பரேட் என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டு ஆனது. கேட்பதற்குப் புரட்டு என்ற வினை மாதிரி இருக்கும்; ஆனால் அதற்குக் காலம் காட்டும் விகுதி ஏறாது. பெரட்டுக்குப் போகலாம், பெரட்டுக் கலையலாம், அவ்வளவுதான். அந்நிய வினைகளுக்குத் தமிழ் நேரடியாக விகுதி தருவதில்லை. சைன் பண்ணு, செக் பண்ணு என்று ஒரு தமிழ் வினையை முதுகில் கட்டித்தான் உள்ளே விடும். அப்போதும் நடுவில் ஐ வராது. 'சைனைப் பண்ணு' என்று யாரும் சொல்வதில்லை. இனுக்டிடுட் 'டீ'யை வாங்கிய கையோடு 'டுக்' ஒட்டிவிட்டது. இரண்டும் ஒரே வாசல்தான்: புதுச்சொல் பெயராக வந்து, உருபில்லாமல், வினையின் மடியில் உட்காருகிறது.

பனிக்கு எஸ்கிமோக்களிடம் நூறு சொல் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் நான்கு வேர்களை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பத்திரிகைகள் கைமாற்றிக் கைமாற்றி அதை நூறாக்கின. மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் இந்தப் புரளியைக் கிண்டலடித்து எழுதினார். சொல்லை அந்தந்த நேரத்தில் கட்டிக்கொள்ளும் மொழியில் சொற்களை எண்ணுவதே வீண்வேலை. 'எடு' என்ற வினைக்குத் தமிழில் எத்தனை வடிவம் என்று எண்ணத் தொடங்கினால் தேயிலையை வெட்டிவிடும் அடுத்த கவ்வாத்து வந்துவிடும்.

நீளமான சொல்லுக்கு இனுக்டிடுட்டில் எல்லோரும் காட்டும் உதாரணம் 'டுசாட்சியருன்னாங்ஙிட்டுவாலூயுங்கா'. கேள், நன்றாக, முடி, இல்லை, மிக, நான்: எனக்குச் சரியாகவே காது கேட்பதில்லை. வாயைப் பிளக்கும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். "அவ இன்னைக்குக் கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கமாட்டாளாம்." கடைசிச் சொல்லை உரித்தால் எடுத்து, கொண்டு, இருக்க, மாட்டாள், ஆம். ஐந்து துண்டு. ஏட்டில் எழுதும்போது இடைவெளி விட்டு எழுதுவோம். லயத்து வாசலில் எந்த இடைவெளியும் கேட்காது. 'கொண்டு' என்ற முழு வினை 'க்கிட்டு' என்று சுருங்கிப்போயிருக்கிறது. கையில் எதையும் கொள்ளவில்லை. தொடர்ந்து நடக்கிறது என்ற குறிப்பு மட்டும் மிச்சம். 'போகவில்லை' 'போகல' ஆனபோது 'இல்லை' என்ற சொல்லில் மிஞ்சியது ஒரு லகரம். நேற்றைய வாக்கியம்தான் இன்றைய சொல்லமைப்பு என்ற கருத்தை டால்மி கிவோன் 1971இல் முன்வைத்தார். தமிழ்ப் பேச்சு அந்த வேலையை நம் கண்முன்னால் செய்துகொண்டிருக்கிறது. வரிசையும் தப்பாது: உள்ளே செயல், அதற்கு வெளியே தொடர்ச்சி, அதற்கு வெளியே மறுப்பு, எல்லாவற்றையும் மூடி 'ஆம்'. முழு வாக்கியத்தையும் 'நான் பார்க்கவில்லை, சொன்னார்கள்' என்று ஒரே அசையில் தள்ளிவைப்பது அந்த ஆம்.

தோட்டத்தில் அதற்கு வேலை அதிகம். "ஆயிரம் ரூவா தருவாங்களாம்" என்ற வாக்கியத்தை நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டிருக்கிறேன். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015 வாக்கில் எழுந்தது. கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன, தேர்தல்கள் வந்தன, ஆம் மட்டும் போகவில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்த பிறகுதான் அந்த விகுதி கழன்றது. கழன்றபோது ஆயிரத்துக்கு மதிப்பு கரைந்திருந்தது என்பது வேறு கதை.

அந்தத் 'தருவாங்க' என்பதில் இருக்கும் 'ஆங்க' யார்? அக்கா சொன்ன வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். "பேரைப் போட்டாங்க." எழுவாய் இல்லை. யார் போட்டது என்று ஒரு பெயரும் இல்லை. கணக்கப்பிள்ளையோ, கண்டாக்கையாவோ, ஆபீசோ, எல்லோருமோ. வினையின் வாலில் ஒரு மரியாதைப் பன்மை மட்டும் தொங்குகிறது. இனுக்டிடுட்டில் இதற்குச் செயப்பாட்டு விகுதி உண்டு. வடக்குக் கியூபெக்கில் இரண்டு வயதுக் குழந்தைகளே அதைப் பேசுகிறார்கள் என்று ஷான்லி ஆலனும் மார்த்தா கிராகோவும் 1996இல் காட்டினார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அது தாமதமாகத்தான் வரும். தமிழில் 'போடப்பட்டது' என்ற வடிவம் கடிதத்தில் இருக்கிறது, லயத்தில் இல்லை. லயத்துக்கு ஆங்க போதும். செய்தவரின் பெயரைச் சொல்லாமலே செய்தவர் மேலே இருப்பவர் என்று அது சொல்லிவிடும்.

மரியாதை என்று வந்துவிட்டதால் இன்னொரு சிறு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார், புதிதாக வந்திறங்கும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காக ஒரு சட்டைப்பைத் தமிழ்க் கையேடு வெளியிட்டார்கள். அதன் பெயர் 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் தேயிலை, இறப்பர்த் தோட்டக்காரர்களுக்காக எழுதிய இன்னொரு நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. தலைப்புகளே போதும், உள்ளே பார்க்காமலே நடை விளங்கும்.

சொல்லமைப்பின் பார்வையில் 'வா' ஒரு விசித்திரம். தமிழ் வினைக்கு விகுதி இல்லாத ஒரே முழு வாக்கியம் ஏவல் ஒருமை. வா, போ, எடு, வெட்டு, நிறு. வேரை அப்படியே எறிந்தால் கட்டளை. மரியாதை வேண்டுமானால் ஒட்ட வேண்டும்: வாங்க, எடுங்க. யாழ்ப்பாணத்தில் வாருங்கோ. இனுக்டிடுட்டில் 'வா' என்பதற்கு 'கைகிட்'. 'கை' என்பது வா, 'கிட்' என்பது ஒருவரிடம் சொல்லும் ஏவல் ஈறு. அங்கே கட்டளைக்குக்கூட எதிரில் இருப்பவரை ஓர் அசையாலாவது தொட்டாக வேண்டும். ஒருவர், இருவர், பலர் என்று மூன்று வகை ஈறு. தமிழில் அந்த அவசியம் இல்லை. நம் மொழியிலிருந்து துரைமார் கற்றுக்கொண்ட பாகம் வெறும் வேர்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்களிடமும் அதே வேர்கள்தான். விகுதிகளைக் கற்றுக்கொள்வதற்கு அவர்களுக்குத் தேவை எதுவும் இருக்கவில்லை.

அத்தையிடம் மறுநாள் காலையில் கேட்டேன்: "பேர் போடுறதும் பேரைப் போடுறதும் வேறவேற, இல்லையா அத்தை?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியா? பேரு யாரு வேணும்னாலும் எழுதலாம்" என்றார்.

மலையகச் சொற்களைத் தொகுப்பவர்கள் லயம், பெரட்டு, காம்பரா, தவறணை, கவ்வாத்து என்று பெயர்ச்சொற்களைக் கவனமாக எடுத்துவைக்கிறார்கள். நல்லது. ஆனால் பேர் போடு, நிரை பிடி, முள்ளுக் குத்து, கான் வெட்டு போன்றவை, ஒவ்வொரு பாதியும் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால், சல்லடையில் நிற்காமல் விழுந்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ அம்மாவோ இருந்தால் ஒரு கொப்பியை எடுங்கள். அவர் சொல்லும் இப்படிப்பட்ட சோடிகளை, சொன்ன வாக்கியத்தோடு, எந்தத் தோட்டம் என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். ஐ இருந்ததா இல்லையா என்பதை மட்டும் உங்கள் வசதிக்குத் திருத்திவிடாதீர்கள்.